‘ப்ரஃபெஸ்’ என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு ‘அறிவி’ என்று பொருள் கொண்டால் போதுமா? எப்படிப் பயன்படுத்துவது?

போதாது. ‘அறிவி’ என்று மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் சொந்தமாக வாக்கியம் எழுதும்போது மாட்டிக்கொள்வார்கள். மழைக்காக நாளை பள்ளி விடுமுறை என்று ஆட்சியர் அறிவிக்கிறார். அங்கே அனௌன்ஸ் வரும், டிக்ளேர் வரும், ப்ரஃபெஸ் வராது. ஒருவர் ப்ரஃபெஸ் செய்வதெல்லாம் தன்னைப் பற்றியதுதான்: தன் சமயம், தன் அன்பு, தன் விசுவாசம், தனக்கு இன்னது தெரியும் அல்லது தெரியாது என்பது. மனதுக்குள் இருப்பதை நாலு பேர் அறியச் சொல்வது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேர் லத்தீன். ‘ப்ரோ’ என்றால் முன்னே, ‘ஃபதேரி’ என்றால் ஒப்புக்கொள்வது. கன்ஃபெஸ் என்ற சொல்லும் அதே ஃபதேரியிலிருந்துதான் வருகிறது. மறைத்து வைத்த தவற்றை ஒப்புக்கொண்டால் கன்ஃபெஸ். எல்லோரும் அறியட்டும் என்று முன்வந்து சொன்னால் ப்ரஃபெஸ். ஆங்கிலத்தில் இந்தச் சொல் முதலில் துறவற சபைகளில் புழங்கியது. கத்தோலிக்க அருட்சகோதரிகள் சபையில் சேர்ந்து கொடுக்கும் ‘வார்த்தைப்பாடு’ ஆங்கிலத்தில் இன்றும் ப்ரஃபெஷன்தான். பிறகுதான் ‘இதில் எனக்குத் தேர்ச்சி உண்டு’ என்று ஊரறியச் சொல்லிச் செய்யும் தொழிலுக்கும் அந்தப் பெயர் வந்தது. ப்ரொஃபசரும் இதே குடும்பம்.

பலர் தவறவிடுவது இதன் இரண்டாவது பொருளை. ஒருவர் மனதில் இருப்பதை நம்மால் சரிபார்க்க முடியாது. அதனால் ‘அவர் அப்படிச் சொல்கிறார், உண்மையா தெரியாது’ என்ற சந்தேகமும் இந்தச் சொல்லில் ஏறிவிட்டது. ‘ஹி ப்ரஃபெஸஸ் டு நோ நத்திங் அபௌட் இட்’ என்று செய்தியில் வந்தால், ‘தனக்கு ஒன்றும் தெரியாது என்று அறிவிக்கிறார்’ என்று மொழிபெயர்க்கக் கூடாது. ‘தனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிக்கொள்கிறார்’ என்பதே சரி. நம் ‘கொள்’ என்ற துணைவினை அந்தச் சந்தேகத்தை அப்படியே சுமக்கிறது. ‘ப்ரஃபெஸ்ட் எய்ம்’ என்று பெயரடையாக வந்தாலும் இப்படித்தான்: வெளியே சொல்லப்படும் நோக்கம் ஒன்று, உள்நோக்கம் வேறாக இருக்கலாம் என்ற தொனி அதில் கேட்கும்.

வாக்கியத்தில் நான்கு விதமாக அமையும். நேரே பெயர்ச்சொல்: ‘ஷி ப்ரஃபெஸ்ட் இக்னரன்ஸ்’, தனக்குத் தெரியாது என்றாள். ‘டு’ சேர்த்து வினை: ‘ஐ டோன்ட் ப்ரஃபெஸ் டு பீ அன் எக்ஸ்பர்ட்’, நான் நிபுணன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். பேச்சில் அதிகம் காதில் விழுவது இந்த எதிர்மறை வடிவம்தான். அடக்கமாகப் பேச நல்ல கருவி. ‘தட்’ சேர்த்து முழு வாக்கியமும் வரலாம். நான்காவது கொஞ்சம் பழைய நடை: ‘ஹி ப்ரஃபெஸ்ட் ஹிம்செல்ஃப் சாட்டிஸ்ஃபைட்’, தனக்குத் திருப்தி என்றார்.

‘ப்ரஃபெஸ் அபௌட்’ என்று எழுதுவது பிழை. ‘பற்றி’ என்று தமிழில் யோசித்து அபௌட்டை ஒட்டுவதால் வருவது அது. யாரிடம் என்று சொல்ல வேண்டுமானால், ‘ப்ரஃபெஸ்ட் ஹிஸ் லவ் டு ஹர்’ என்பதுபோல் செயப்படுபொருளுக்குப் பின்னால் ‘டு’ போடுங்கள். எழுத்தில் எஃப் ஒன்று, எஸ் இரண்டு. ப்ரொஃபசரிலும் அதே கணக்கு. அங்கே எஃப்பை இரட்டிப்பவர்கள் ஏராளம். உச்சரிக்கும்போது அழுத்தம் ‘ஃபெஸ்’ மேல் விழ வேண்டும், முதல் அசை தேய்ந்து ஒலிக்கும்.

இந்த ஒரு சொல்லின் மேல் வாழ்க்கையே தொங்கும் இடம் நம் சட்டம். அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு சமயத்தை ப்ரஃபெஸ், ப்ராக்டிஸ், ப்ராபகேட் என்று மூன்று வினைகளால் பேசுகிறது. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணையிலும் இதே வினைதான்: இந்து, சீக்கியம், பௌத்தம் தவிர்த்த வேறு சமயத்தை ப்ரஃபெஸ் செய்பவர் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார். சீக்கியம் 1956இலும் பௌத்தம் 1990இலும் சேர்க்கப்பட்டவை. பௌத்தம் சேர்வதற்கு முன் பஞ்சாப்ராவ் எதிர் மேஷ்ராம் வழக்கில், நாக்பூரில் தனித்தொகுதியில் வென்றவர் பௌத்தர் ஆகிவிட்டாரா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. மனதுக்குள் நம்புவது மட்டும் ப்ரஃபெஸ் ஆகாது, சம்பந்தப்பட்டவர்களுக்குத் தெரியும்படியான வெளிப்படையான அறிவிப்பே ப்ரஃபெஸ் என்று நீதிமன்றம் பொருள் சொன்னது.

ஆகவே சட்டப் பத்திரங்களை மொழிபெயர்ப்பவர்கள் இங்கே ‘சொல்லிக்கொள்’ என்று போட்டுவிடாதீர்கள். அந்தச் சந்தேகத் தொனி சட்டத்தில் கிடையாது. ‘நம்பு’ என்றும் போடாதீர்கள், அது மனதோடு நின்றுவிடும். ‘தன் சமயம் இது என்று வெளிப்படையாக அறிவித்தல்’ என்று சற்று நீட்டி எழுதினாலும் பரவாயில்லை.