நூலகரின் மேசையில் ஒரு திருப்புளி

இம்மாதம் நீலகிரியிலிருந்து வந்த கடிதங்களில் ஐந்து, பள்ளி நூலகத்தோடு சேர்த்து நடத்தப்படும் ‘மேக்கர்ஸ்பேஸ்’ பற்றியவை. மாணவர்கள் கருவிகளை எடுத்துத் தாங்களே எதையாவது செய்துபார்க்கும் அந்த இடத்தை இங்கே ‘பட்டறை’ என்றே குறிப்பிடுகிறேன். நமக்குப் பழகிய சொல் அது. மலைப்பள்ளி ஒன்றில் 26 ஆண்டுகள் நூலகப் பணியாற்றி, அவற்றில் கடைசி 7 ஆண்டுகள் பட்டறையையும் சேர்த்துக் கவனித்த அனுபவத்திலிருந்து பதில் எழுதுகிறேன்.

கேள்வி: தனியார் பள்ளி ஒன்றில் நூலகராக இருக்கிறேன். நூலக அறிவியலில் முதுகலைப் பட்டம் பெற்றவள். கடந்த ஜூன் மாதம் வாசிப்பு மேசைகளில் இரண்டை அகற்றிவிட்டு, அங்கே உருகிய பிளாஸ்டிக்கை அடுக்கடுக்காகப் படியவைத்துப் பொருள்களை அச்சிடும் 3டி பிரின்டர் ஒன்றையும், மின்னணுப் பலகைகளையும், உலோகக் கம்பியை உருக்கி மின்னணுத் துண்டுகளை இணைக்கும் சால்டரிங் கருவிகளையும் வைத்து, ‘இனி இதற்கும் நீங்களே பொறுப்பு’ என்று நிர்வாகம் கூறிவிட்டது. எனக்கு மின்னணுவியல் தெரியாது. நான் நூலகரா, பட்டறை மேற்பார்வையாளரா?
— ஒரு நூலகர், குன்னூர்

சகோதரிக்கு வணக்கம். மின்னணுவியல் தெரியாது என்பதற்காக நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. நூலகத்திலுள்ள வேதியியல் நூல்களையெல்லாம் படித்துத் தேர்ந்த பிறகா அவற்றை மாணவர்களுக்கு எடுத்துக் கொடுக்கிறீர்கள்? ஒரு பிள்ளை வந்து நிற்கும்போது, அவள் கேட்பது உண்மையில் எதைப் பற்றியது என்று பேசித் தெளிவுபடுத்தி, விடை எந்த அலமாரியில் இருக்கும் என்று காட்டி, பொருளடக்கத்தையும் சொல்லடைவையும் புரட்டக் கற்றுத்தருவதுதான் உங்கள் தொழில். பட்டறையிலும் அந்தத் தொழிலே நடக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, ‘எல்இடி எரியவில்லை’ என்று கொண்டுவருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்களே வாங்கிச் சரிசெய்து கொடுத்தால் அன்றைக்கு விளக்கு எரியும், அவ்வளவுதான். மின்சுற்றுகளைப் பற்றிய எளிய நூல் ஒன்றை அவள் பக்கத்தில் விரித்துவைத்து, ‘இந்தப் படத்துக்கும் உன் கையில் இருப்பதற்கும் என்ன வேறுபாடு?’ என்று கேட்டால், எல்இடியின் நீண்ட கால் நேர்மின் முனையோடு சேர வேண்டும் என்பதை அவளே கண்டுகொள்வாள். படத்தில் இருக்கும் மின்தடை தன் சுற்றில் இல்லை என்பதையும் கவனித்து, அது எதற்கு என்று அடுத்துக் கேட்பாள்.

நம் துறையின் முன்னோடி எஸ். ஆர். ரங்கநாதனின் வாழ்க்கையில் ஒரு நிகழ்ச்சியை உங்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். 1892-இல் சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றவர் அவர். நூலகவியல் பயில லண்டனுக்குச் சென்றிருந்தபோது, செல்ஃப்ரிட்ஜஸ் கடையின் பொம்மைப் பகுதியில், துளையிட்ட உலோகப் பட்டைகளையும் திருகாணிகளையும் கொண்ட மெக்கானோ விளையாட்டுப் பெட்டியைக் கண்டார். அதே சில துண்டுகளைப் பலவிதமாகப் பூட்டிப் பல பொருள்களை உருவாக்க முடிவதைப் பார்த்தபோதுதான், ஒரு நூலின் பொருளையும் இவ்வாறே சிறு கூறுகளாகப் பிரித்து வேண்டியபடி இணைக்கலாம் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. நூல்களைப் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்க 1933-இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை அந்த எண்ணத்தில் விளைந்தது. ஆகவே திருகாணி நூலகத்துக்குள் வந்துவிட்டதே என்று வருந்தாதீர்கள். அது வந்து நெடுநாளாகிறது.

உடனடியாகச் செய்ய வேண்டியது, கருவிகளையும் நூல்களைப் போலவே பதிவேட்டில் ஏற்றுவது. ஒவ்வொரு குறடுக்கும் திருப்புளிக்கும் மின்னளவு பார்க்கும் மல்டிமீட்டருக்கும் சேர்க்கை எண் கொடுத்து, வழங்கல் பதிவேட்டில் எழுதிக் கொடுத்து, எழுதித் திரும்பப் பெறுங்கள். தொடர்புடைய நூல்களைப் பட்டறை மேசைக்குக் கையெட்டும் தொலைவுக்கு நகர்த்துங்கள். பொருளுக்கேற்ப நூல்களுக்கு எண் கொடுக்கும் டூயி பகுப்பு முறையைப் பின்பற்றும் நூலகமானால், 621-இல் இயந்திரவியலும் மின்பொறியியலும், 625-இல் இருப்புப்பாதைகளும், 746-இல் நெசவும் தையலும் இருக்கும். நூல்கள் ஒரு மூலையிலும் கருவிகள் வேறொரு மூலையிலும் இருந்தால், இரண்டு அறைகளை ஒரே கூரையின் கீழ் நடத்துவதாகத்தான் முடியும்.

மேற்பார்வையாளரா என்று கேட்டிருந்தீர்கள். அங்கே உங்கள் மனக்குறையில் நியாயம் இருக்கிறது. சூடேறிய சால்டரிங் கருவி மேசையில் இருக்கும்போது, நூல் வழங்கும் மேசையிலும் நீங்களே உட்கார்ந்திருக்க முடியாது. வாரத்தில் எத்தனை பாடவேளை நூலகத்துக்கு, எத்தனை பட்டறைக்கு, அந்த நேரத்தில் மற்ற இடத்தைப் பார்த்துக்கொள்வது யார் என்பதை எழுத்து மூலமாகக் கேட்டுப் பெறுங்கள். நான் ஒரே நேரத்தில் 4 பிள்ளைகளுக்கு மேல் சூடான கருவியைக் கொடுத்ததில்லை. நம் ஊர்க் குளிருக்கு எல்லாச் சன்னல்களையும் சாத்திவைப்பது வழக்கம். சால்டரிங் செய்யும் வேளையில் மட்டும் அவை திறந்தே இருக்க வேண்டும். அந்தப் புகையை மூச்சில் இழுப்பது நல்லதன்று. ஈயம் கலந்த கம்பியைத் தவிருங்கள். எந்தக் கம்பியானாலும், வேலை முடிந்ததும் கை கழுவாமல் எந்தப் பிள்ளையும் சாப்பாட்டுக்குப் போகக் கூடாது. முன்பு, வேறொரு பள்ளியில், பழுதாகிவிடும் என்ற அச்சத்தால் விலை உயர்ந்த இயந்திரம் ஒன்றைக் கண்ணாடி அலமாரியில் பூட்டியே வைத்திருந்ததை வேதனையோடு பார்த்திருக்கிறேன். பூட்டிய அலமாரியில் நூல் இருந்தால் நமக்கு எவ்வளவு மனம் வலிக்குமோ, அவ்வளவு வலித்தது.

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்துகொண்டு நூலகப் பொறுப்பையும் பார்க்கிறேன். இயந்திரங்கள் வாங்க எங்களிடம் பணம் இல்லை. பணமில்லாமல் பட்டறை தொடங்க முடியுமா?
— ஓர் ஆசிரியர், கூடலூர்

முடியும் ஐயா. உதவித் திட்டங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நிதி ஆயோக் 2016 முதல் நடத்திவரும் அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டத்தில், தேர்ந்தெடுக்கப்படும் பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்கும். 6 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்கானது அது. தமிழ்நாடு அரசு 2022-இல் தொடங்கிய வானவில் மன்றம், 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு அறிவியல் செய்முறைகளைக் கொண்டுவருகிறது. தலைமையாசிரியரோடு பேசி இரண்டையும் முயன்று பாருங்கள். ஆனால் அவை கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

எங்கள் பட்டறையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், மலை ரயில் சறுக்காமல் எப்படி ஏறுகிறது என்று கேட்டு வந்தான். 1899-இல் குன்னூர் வரைக்கும் 1908-இல் உதகை வரைக்கும் ஓடத் தொடங்கிய நம் ரயில், கல்லாறிலிருந்து குன்னூர் வரையிலான பகுதியில் தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் வரிசையாக அமைந்த பற்சட்டத்தைத் தன் பற்சக்கரத்தால் பற்றிக்கொண்டுதான் ஏறுகிறது. மிகச் செங்குத்தான இடத்தில் ஏறத்தாழ 12 அடி நகர்ந்தால் ஓர் அடி உயரும். இதை நூலில் படித்துக்காட்டிவிட்டு, அவனிடம் ஒரு பழைய அட்டைப்பெட்டியைக் கொடுத்தேன். அட்டையின் மேல்தாளை ஈரத் துணியால் நனைத்து உரித்தால், உள்ளே அலை அலையான வரிகள் தெரியும். அதை நீளமாக வெட்டி ஒட்டினால் பற்சட்டம். பாட்டில் மூடியைச் சுற்றி ஒட்டினால் பற்சக்கரம். வண்டி ஏறியது, ஆனால் ஒவ்வொரு பல்லுக்கும் ‘டக், டக்’ என்று உதறிக்கொண்டே ஏறியது. இரண்டு நாள் முயன்றுவிட்டு மீண்டும் நூலை எடுத்துப் படத்தை உற்றுப் பார்த்தான். தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு சட்டத்துக்குப் பதிலாக இரண்டு இருப்பதும், ஒன்றின் பல் மற்றொன்றின் இடைவெளிக்கு நேராக வருமாறு அவை தள்ளிப் பொருத்தப்பட்டிருப்பதும் அப்போதுதான் அவன் கண்ணில் பட்டன. முதல் வாசிப்பில் அவனும் நானும் அந்த வரியைக் கடந்து போயிருந்தோம். அரைப் பல் தள்ளி இரண்டாவது அட்டையை ஒட்டினான். உதறல் பெரும்பாலும் நின்றுவிட்டது. அந்தப் பட்டறைக்கு ஆன செலவு ஒரு டப்பா பசை.

உங்கள் வட்டாரத்தில் பொருளுக்கும் பஞ்சமில்லை. காட்டை அடைத்து வளரும் உண்ணிச்செடியின் தண்டைப் பக்குவப்படுத்தி நாற்காலியும் யானை உருவமும் செய்யும் கைவினைஞர்கள் கூடலூர்ப் பக்கம் இருக்கிறார்கள். இரும்பு, மரம், மண் ஆகிய மூன்றிலும் தேர்ந்த கோத்தர் சமூகத்தார் தலைமுறை தலைமுறையாக இந்த மலைக்கே கருவி செய்து கொடுத்தவர்கள். இவர்களை ஒரு நாள் ஆசிரியராக அழையுங்கள். அழைக்கும்போது அதற்குரிய ஊதியத்தைக் கொடுத்தே அழையுங்கள். இன்னொன்றையும் மறக்க வேண்டாம்: பட்டறையைப் பள்ளி முடிந்த பிறகு வைத்தால், கடைசிப் பேருந்தை விட முடியாத பிள்ளைகளும், இருட்டுவதற்குள் யானை நடமாடும் வழியைக் கடக்க வேண்டிய பிள்ளைகளும் ஒருநாளும் வர மாட்டார்கள். நூலகப் பாடவேளையிலும் மதிய இடைவேளையிலுமே வையுங்கள்.

கேள்வி: பட்டறைச் சத்தத்தால் நூலகத்தில் படிக்க முடியவில்லை என்று சில மாணவர்கள் முறையிடுகிறார்கள்.
— ஒரு நூலகர், மஞ்சூர்

அவர்கள் சொல்வது சரியே. தட்டுதல், அறுத்தல், துளையிடுதல் ஆகியவற்றுக்கு வாரத்தில் இரண்டு நாள்களை ஒதுக்கி, கதவில் எழுதி ஒட்டிவிடுங்கள். அமைதியாகப் படிக்க வரும் ஒரே ஒரு பிள்ளைக்கும் நூலகத்தில் உரிய இடம் இருக்க வேண்டும்.

கேள்வி: ஏப்ரலில் நன்றாக அச்சான பொருள்கள் ஜூலையில் நூல் நூலாக இழுத்துக்கொண்டு வருகின்றன. எங்கள் 3டி பிரின்டர் பழுதாகிவிட்டதா?
— ஒரு நூலகர், உதகை

இயந்திரத்தைக் குறை சொல்லும் முன், பிளாஸ்டிக் இழைச் சுருளைப் பாருங்கள். பள்ளிகளில் பெரும்பாலும் பயன்படும் பிஎல்ஏ இழை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சக்கூடியது. ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள முனையை அது அடையும்போது, உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி ‘பட் பட்’ என்று வெடிக்கும். பொருளின் மேல் சிலந்தி வலைபோல் இழைகள் தொங்கும். இழையை விரலால் வளைத்துப் பாருங்கள். அப்பளம்போல் ஒடிந்தால் அது மழைக்காலத்தைக் குடித்திருக்கிறது என்று பொருள். நானும் ஒரு தென்மேற்குப் பருவம் முழுவதும் சுருளைத் திறந்தே வைத்திருந்து, ஆகஸ்டில் அதைக் குப்பையில் போட்டேன்.

இதில் நீங்கள் புதிதாகக் கற்க வேண்டியது ஏதுமில்லை. பூசணம் பிடிக்காமலும் இராமபாணப் பூச்சி அரிக்காமலும் நூல்களைக் காத்துவரும் மலை நூலகருக்கு, ஈரத்தோடு போராடுவது அன்றாட வேலை. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இழையைப் போட்டு மூடுங்கள். அன்றைய வேலைக்கு மட்டும் வெளியே எடுங்கள். ஜெல் நிறம் மாறும் வகையாக இருந்தால், அதை எப்போது உலர்த்த வேண்டும் என்பது கண்ணுக்கே தெரியும்.

கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். பிஎல்ஏ சோளம் போன்றவற்றின் மாவுப்பொருளிலிருந்து செய்யப்படுவதால் மண்ணில் மக்கிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். ஆலைகளில் ஏறத்தாழ 60 டிகிரி வெப்பத்தில் நடத்தப்படும் உரமாக்கலில்தான் அது முறையாக மக்கும். பள்ளித் தோட்டத்துக் குழியில் பல்லாண்டுகள் அப்படியே கிடக்கும். பிளாஸ்டிக்குக்குத் தடை விதித்துக் காத்துவரும் மாவட்டம் நம்முடையது. எனவே இணையத்தில் கிடைக்கும் பொம்மைகளை அச்சடிக்க விடாதீர்கள். ‘இது எதற்கு வேண்டும், அட்டையிலோ மரத்திலோ செய்ய முடியாதா?’ என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் தந்த பிறகே இயந்திரத்தை இயக்குங்கள்.

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு. தினமும் நூலகத்துக்குப் போகிறாள், ஆனால் பட்டறைக்காக மட்டுமே போகிறாள். கதைப்புத்தகம் எதையும் தொடுவதில்லை. வாசிக்கும் பழக்கம் போய்விடுமோ என்று கவலையாக இருக்கிறது.
— ஒரு தாய், கோத்தகிரி

அம்மா, உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆயினும் செய்முறைக் குறிப்பைப் படிப்பதும், வரைபடத்தைப் படிப்பதும் வாசிப்புத்தான். அதிலும் ஒரு சொல்லைத் தவறவிட்டால் செய்த பொருளே காட்டிக்கொடுத்துவிடும் அளவுக்குக் கண்டிப்பான வாசிப்பு.

2013-இல் புவிசார் குறியீடு பெற்ற தோடர் பூத்தையலைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளைத் துணியில் சிவப்பு, கறுப்பு நூல்களால் அவர்கள் தைப்பதற்கு முன்பு துணியில் எதையும் வரைந்துகொள்வதில்லை. நெசவின் இழைகளை ஒவ்வொன்றாக எண்ணியே ஊசியைக் குத்துகிறார்கள். அதைக் கற்றுத்தரத் தோடர் பெண் ஒருவரை ஒருமுறை அழைத்திருந்தோம். மூன்றாவது வரிசையில் ஓர் இழையை எண்ணத் தவறிய மாணவி, ஏழாவது வரிசையில் கோலம் கோணியதைக் கண்டு, யாரும் சொல்லாமலே எல்லாவற்றையும் பிரித்து மறுபடி தொடங்கினாள். அடுத்த வாரம் அவள் என்னிடம் கேட்டது, தோடர்களைப் பற்றிய நூல்களை. அதுவரை அவளும் எதையும் இரவல் வாங்காதவள்தான்.

இந்த இடத்தில் நூலகரின் கடமை பெரிது. பட்டறையிலிருந்து எழுந்து போகும் பிள்ளையின் கையில் அடுத்து எந்த நூலை வைக்கலாம் என்று அவர் யோசித்துக்கொண்டே இருக்க வேண்டும். உங்கள் மகளின் நூலகரிடம் இதை நேரில் கேளுங்கள், நல்ல நூலகர் மகிழ்ச்சியோடு பதில் சொல்வார். வீட்டில், அவள் செய்ததைக் கொண்டுவரச் சொல்லி, அது எப்படி இயங்குகிறது என்று உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். எந்த இடத்தில் அவளால் விளக்க முடியாமல் நிற்கிறாளோ, அதை ஒரு தாளில் எழுதி மறுநாள் நூலகரிடம் கொடுக்கச் சொல்லி அனுப்புங்கள்.