பொருளைத் திருப்பித் தந்தால் வெகுமதிப் புள்ளிகள் ஏன் குறைகின்றன?

பொருளைத் திருப்பித் தந்ததும் கணக்கிலிருந்த புள்ளிகள் குறைந்தது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். திரையில் தெரியும் இருப்பு வெறும் ஓர் எண் அன்று. ஈட்டியது, செலவழித்தது, காலாவதியானது என ஒவ்வொரு நிகழ்வும் பேரேடு எனும் கணக்குப் பதிவேட்டில் தனி வரியாகப் பதிவாகி, அவற்றின் கூட்டலும் கழித்தலுமே இருப்பாகிறது. நன்கு வடிவமைத்த அமைப்பில் பழைய வரியை அழிப்பதில்லை. முன்பு 100 புள்ளிகள் வரவு வைத்திருந்தால், பொருள் திரும்பி வந்ததும் அதற்கு எதிராக 100 புள்ளிகள் பற்று, அதாவது கழிவு, எழுதப்படும். அவற்றை ஏற்கெனவே செலவழித்திருந்தால் இருப்பு பூஜ்யத்துக்குக் கீழேகூடப் போகலாம். இதைத் தவிர்க்கவே பல நிறுவனங்கள், பொருளைத் திருப்பித் தருவதற்கான கெடு முடியும்வரை புதிய புள்ளிகளை ‘நிலுவை’ என்று காட்டி, செலவழிக்க விடாமல் வைத்திருக்கின்றன. காத்திருப்பது சலிப்பூட்டினாலும், கொடுத்துவிட்டுப் பறிப்பதைவிட இதுவே நேர்மையான முறை என்று கருதுகிறேன். இணைய இணைப்பு தடைபட்டு புள்ளிகளைச் சேர்க்கவோ கழிக்கவோ சொல்லும் ஒரே கோரிக்கை இருமுறை வந்தாலும், பரிவர்த்தனைக்குரிய தனித்த அடையாள எண்ணைச் சரிபார்க்கும் அமைப்பு அதை ஒருமுறை மட்டுமே பதிவு செய்யும்.