பட்டா, வில்லங்கம், யுடிஎஸ்: மனை வாங்குவோரின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: விற்பவர் பெயரில் பட்டா இருக்கிறது. பத்திரம் தொலைந்துவிட்டது என்கிறார். பட்டாவை வைத்து வாங்கலாமா சார்?

பதில்: வேண்டாம். பட்டா வருவாய்த் துறையின் கணக்கு. நிலம் அவருக்கு எப்படி வந்தது என்பதைப் பத்திரம்தான் சொல்லும். தொலைந்தது உண்மையென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும். ஆனால் நகலோடு நிற்காதீர்கள். அசல் யாரிடமாவது கடனுக்கு ஈடாக இருக்கலாம். போலீஸ் புகார், நாளிதழ் அறிவிப்பு, கண்டுபிடிக்க இயலவில்லை என்று காவல்துறை தரும் சான்று, மூன்றையும் கேளுங்கள்.

கேள்வி: தாய்ப்பத்திரம் என்பது எது?

பதில்: இப்போதைய பத்திரத்துக்கு மூலமான முந்தைய பத்திரம். கிரயம், பாகப்பிரிவினை, செட்டில்மென்ட் என்று கைமாறிய வரிசையில் ஒரு கண்ணிகூட விடுபடக் கூடாது.

கேள்வி: இசி போட்டுப் பார்த்தேன், வில்லங்கம் எதுவும் இல்லை. இனி பயமில்லைதானே?

பதில்: இசி என்கிற வில்லங்கச் சான்றில் பதிவானது மட்டுமே வரும். பதிவு செய்யாத உயில், பத்திரத்தைக் கையில் கொடுத்துத் தனியாரிடம் வாங்கிய கடன், இதெல்லாம் வராது. நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கும் பெரும்பாலும் வராது.

பலர் ஏமாறும் இடம் சர்வே எண். 45/2 என்ற புலம் உட்பிரிவாகி உங்கள் மனை 45/2அ ஆகியிருக்கும். புது எண்ணுக்கு மட்டும் இசி போட்டால், பழைய எண்ணில் பதிவான அடமானம் கண்ணில் படாமல் போகலாம். இரண்டு எண்ணுக்கும், குறைந்தது 30 ஆண்டுக்குப் போடுங்கள். கிரயத்துக்கு முதல் நாள் மறுபடியும் ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது; அட்வான்ஸ் கொடுத்த பிறகும் வேறொருவர் பெயரில் பத்திரம் பதிவாகலாம்.

கேள்வி: 1,200 சதுர அடி ஃபிளாட் என்றார்கள். உள்ளே அளந்தால் 850தான் வருகிறதே?

பதில்: 1,200 என்பது சூப்பர் பில்ட்-அப். படிக்கட்டு, லிஃப்ட், நடைவழி ஆகியவற்றில் உங்கள் பங்கும் அதில் சேர்ந்திருக்கிறது. கார்பெட் ஏரியா என்பது வீட்டுக்குள் புழங்கும் இடம்: உள்சுவர் சேரும், வெளிச்சுவரும் பால்கனியும் சேராது. 2016 ரியல் எஸ்டேட் சட்டப்படி பில்டர் கார்பெட் அளவைச் சொல்லியே ஆக வேண்டும். ஒப்பந்தத்தில் அது இருக்கிறதா பாருங்கள்.

அதைவிட முக்கியம் யுடிஎஸ், அதாவது பிரிக்கப்படாத நிலப்பங்கு. 4,800 சதுர அடி மனையில் ஒரே அளவில் 8 வீடு என்றால் ஆளுக்கு 600 சதுர அடி வர வேண்டும். பத்திரத்தில் 450 என்றிருந்தால் மீதி யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். கட்டடம் பழசாகி இடிக்கும் நாளில் உங்கள் கையில் நிற்பது அந்த நிலப்பங்குதான்.

கேள்வி: பவர் ஏஜென்டிடம் வாங்கலாமா அண்ணா?

பதில்: வாங்கலாம். பவர், அதாவது தன் சார்பில் விற்கும் அதிகாரம், கொடுத்த உரிமையாளர் உயிரோடு இருக்கிறாரா, பவரை ரத்து செய்திருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். அவர் இறந்துவிட்டால் சாதாரணப் பவர் செல்லாது. முடிந்தால் அவரையே நேரில் பாருங்கள். உங்கள் பெயருக்கே பொது அதிகாரம் எழுதித் தருகிறேன், கிரயம் தேவையில்லை என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பவரால் சொத்துரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது.

கேள்வி: ஐந்தரை சென்ட் ஒரு கிரவுண்டா?

பதில்: கிட்டத்தட்ட. ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஐந்தரைக்கு 2,395.8. கிரவுண்ட் 2,400. பட்டாவில் இதே மனை ஏர் கணக்கில் சுமார் 2.23 என்றிருக்கும். ஓர் ஏர் ஏறத்தாழ 1,076 சதுர அடி. பட்டாவும் பத்திரமும் ஒத்துவராவிட்டால் சர்வேயரை வைத்து அளந்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.