நாடுகடந்து வாழும் இளவரசருக்கு மக்கள் வக்காலத்து கொடுக்கலாமா?

கேள்வி: ஈரானில் போராட்டம் வெடிக்கும்போதெல்லாம் பழைய மன்னர் ஷாவின் மகன் ரெசா பஹ்லவியின் பெயர் அடிபடுகிறது. வெளிநாட்டில் வாழும் அரச வாரிசு ஒருவர் திரும்பி வந்து, சர்வாதிகாரத்திலிருந்து மக்களாட்சிக்கு நாட்டைக் கொண்டுபோக முடியுமா? நடைமுறையில் என்னென்ன வேண்டும்?

பதில்:

முடியும் என்பவர்கள் முதலில் ஸ்பெயினைக் காட்டுவார்கள். ஆனால் அந்தக் கதையைச் சரியாகப் படித்தால் நாடுகடந்து வாழ்ந்த வாரிசு அதில் தோற்றுப்போனவர் என்பது தெரியும். மன்னர் 13ஆம் அல்போன்சோவின் மகன் டான் ஹுவான் போர்த்துகலின் எஸ்டோரிலில் காத்திருந்தார். அரியணை அவருக்குக் கிடைக்கவே இல்லை. கிடைத்தது அவர் மகன் ஹுவான் கார்லோஸுக்கு. அவர் 10 வயதிலேயே ஸ்பெயினுக்கு அனுப்பப்பட்டு, முப்படைகளின் பயிற்சிக் கழகங்களிலும் படித்தவர். 1969இல் அவரைத் தனக்கு அடுத்தவராக அறிவித்ததே சர்வாதிகாரி ஃபிராங்கோதான். 1975 நவம்பர் 22இல் அவர் முடிசூடியபோது படைகளின் தலைமையும் பிரதமரை நியமிக்கும் அதிகாரமும் சட்டப்படியே அவர் கைக்கு வந்துவிட்டன.

அந்த அதிகாரத்தை அவர் எப்படிக் கைவிட்டார் என்பதுதான் கவனிக்க வேண்டியது. 1976 ஜூலையில் அடோல்ஃபோ சுவாரெஸைப் பிரதமராக்கினார். நவம்பர் 18இல் ஃபிராங்கோ காலத்து நாடாளுமன்றமே 425க்கு 59 என்ற வாக்கில் அரசியல் சீர்திருத்தச் சட்டத்தை நிறைவேற்றித் தன் கதையைத் தானே முடித்துக்கொண்டது. டிசம்பரில் பொதுவாக்கெடுப்பு, 1977 ஏப்ரல் 9இல் கம்யூனிஸ்ட் கட்சிக்கு அனுமதி, ஜூன் 15இல் தேர்தல், 1978 டிசம்பர் 6இல் புதிய அரசியலமைப்புக்கு மக்கள் ஒப்புதல். பழைய சட்டத்தின் படிக்கட்டு வழியாகவே புதிய சட்டத்துக்கு இறங்கினார்கள். 1981 பிப்ரவரி 23இல் ராணுவத்தில் ஒரு பகுதியினர் நாடாளுமன்றத்தைப் பிடித்தபோது, நள்ளிரவு தாண்டி மன்னர் சீருடையில் தொலைக்காட்சியில் தோன்றிப் பேசினார். படைத்தளபதிகள் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டார்கள்.

ரெசா பஹ்லவியிடம் இதில் எதுவும் இல்லை. 1960இல் பிறந்தவர், 1978இல் போர் விமானப் பயிற்சிக்காக அமெரிக்காவின் டெக்சாஸுக்குப் போனார். அடுத்த ஆண்டே ஷாவின் ஆட்சியைக் கவிழ்த்த இஸ்லாமியப் புரட்சி. 1980 ஜூலையில் தந்தை கெய்ரோவில் இறந்தார். அக்டோபர் 31இல், தன் 20ஆவது பிறந்தநாளில், அங்கிருந்தே தன்னை மன்னராக அறிவித்துக்கொண்டார். பிறகு அந்தப் பட்டத்தை வற்புறுத்தாமல், முடியாட்சியா குடியரசா என்பதை மக்களே வாக்களித்து முடிவு செய்யட்டும் என்று சொல்லிவருகிறார். இந்த நிலைப்பாட்டை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த வாக்கெடுப்பு நடக்கும் நாள்வரை யார் கையில் என்ன அதிகாரம் என்பதுதான் முழுச் சிக்கலும்.

2023 ஜனவரியில் அவர் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் மக்களிடம் ‘வெகாலத்’ கேட்டார். நம் நீதிமன்றங்களில் புழங்கும் வக்காலத்து என்ற அதே சொல்தான். சில நாள்களில் இணையத்தில் சில லட்சம் பேர் ‘நான் வக்காலத்து கொடுக்கிறேன்’ என்று கையொப்பமிட்டார்கள். வக்கீலுக்கு நாம் கொடுக்கும் வக்காலத்தில் எந்த நீதிமன்றம், எந்த வழக்கு என்று எழுதியிருக்கும். வேண்டாம் என்றால் திரும்பப் பெறலாம். இதில் அப்படி எதுவும் எழுதப்படவில்லை. என்ன செய்ய அதிகாரம், எத்தனை மாதத்துக்கு, யாரிடம் கணக்குக் காட்ட வேண்டும், எப்படிப் பறிக்கலாம் என்ற நான்கும் விடுபட்டிருந்தன. அடுத்த மாதம் வாஷிங்டன் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் அவரும் நோபல் அமைதிப் பரிசு பெற்ற வழக்கறிஞர் ஷிரின் எபாதி, பத்திரிகையாளர் மசீஹ் அலிநெஜாத், எழுத்தாளர் ஹாமெத் எஸ்மாயிலியோன், குர்திஷ் தலைவர் அப்துல்லா மொஹ்ததி உள்ளிட்ட எதிர்ப்பாளர்களும் ஒரே கூட்டத்தில் சேர்ந்தார்கள், சிலர் காணொளி வழியாக. மார்ச்சில், தலைத்துணி விதிக்காகப் பிடிக்கப்பட்டுக் காவலில் இறந்த இளம்பெண் மஹ்சா அமினியின் பெயரில் ஒரு சாசனம் வந்தது. ஏப்ரலில் கூட்டணி உடைந்தது. முடிவுகளை எடுப்பது எப்படி, யார் யாரைச் சேர்ப்பது என்ற விதிகளை முதலில் எழுதாமல் மேடையில் ஏறியதன் விலை அது. அவர் 2022 செப்டம்பர் 16இல் இறந்த பிறகு தெருவில் உயிரைக் கொடுத்தவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடைத்திருக்க வேண்டும்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். முதலில் துப்பாக்கி.

ஈரானில் இரண்டு படைகள். வழக்கமான ராணுவமான ‘அர்தெஷ்’ ஒன்று. நாட்டை ஆளும் மதகுருவான உச்சத் தலைவருக்கு நேரடியாகக் கட்டுப்பட்ட புரட்சிக் காவல் படை இன்னொன்று. பசீஜ் என்ற துணைப்படை இரண்டாவதன் கீழ் வருகிறது. அணை, சாலை, எண்ணெய், துறைமுகம் என்று பெரிய ஒப்பந்தங்களை எடுக்கும் காத்தம் அல் அன்பியா நிறுவனமும் அதனுடையதே. ஆகவே காவல் படை அதிகாரிக்குக் கொள்கையோடு பிழைப்பும் பென்ஷனும் சேர்ந்தே கட்டப்பட்டிருக்கின்றன. ‘மக்கள் பக்கம் வாருங்கள்’ என்று வெளிநாட்டிலிருந்து காணொளி போட்டால் அவர் வரமாட்டார். அவருக்கு நினைவிருப்பது 1979. அந்த ஆண்டு பிப்ரவரி 11இல் ஷாவின் ராணுவம் நடுநிலை என்று அறிவித்தது. நான்கே நாளில் தெஹ்ரானில் ஒரு பள்ளிக்கூட மொட்டைமாடியில் தளபதிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆட்சி மாறினால் தளபதிகளுக்கு என்ன நடக்கும் என்பதை அந்த மாடி எல்லா அதிகாரிகளுக்கும் சொல்லிவிட்டது.

இதை மாற்ற எழுத்தில் ஒரு வரம்பு வேண்டும். சுடச் சொல்லி உத்தரவிட்டவர், சித்திரவதை செய்தவர் ஆகியோருக்கு வழக்கறிஞரும் மேல்முறையீடும் உள்ள திறந்த விசாரணை. கட்டாய ராணுவச் சேவையில் வந்த இளைஞர், கணக்கர், பொறியாளர் ஆகியோருக்குச் சம்பளமும் ஓய்வூதியமும் நிற்காது என்ற உறுதி. இராக்கில் 2003 மே மாதம் அமெரிக்க நிர்வாகி பால் பிரெமர் ஒரே ஆணையில் ராணுவத்தைக் கலைத்தார். லட்சக்கணக்கானோர் ஆயுதப் பயிற்சியோடு, சம்பளம் இல்லாமல் தெருவுக்கு வந்தார்கள். அந்தத் தவறு ஈரானில் நடந்தால் விளைவு இன்னும் மோசமாக இருக்கும்.

அடுத்தது பணம். 1978இன் இறுதியில் எண்ணெய்த் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் ஏற்றுமதி நின்றபோதுதான் ஷாவின் அரசுக்கு உண்மையில் மூச்சு முட்டியது. இன்று அதே துறையில் பலர் ஒப்பந்தத் தொழிலாளிகள். வேலைநிறுத்தம் செய்தால் ஆளை மாற்றிவிடலாம். 2022 அக்டோபரில் அசலூயே பெட்ரோ கெமிக்கல் ஆலைகளில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் வெளிநடப்பு செய்தார்கள், நீடிக்க முடியவில்லை. குடும்பத்துக்குச் சில மாத வாடகையும் ரொட்டியும் தரும் வேலைநிறுத்த நிதி இல்லாமல் யாரும் நீடிக்க முடியாது. பொருளாதாரத் தடைகளால் வங்கி வழியும் அடைபட்டிருக்கிறது. வெளிநாட்டிலிருக்கும் இளவரசர் உருப்படியாகச் செய்யக்கூடிய வேலை இதுதான்: தணிக்கை செய்யப்பட்ட ஒரு நிதி, அதை உள்ளே சேர்ப்பதற்கு அமெரிக்க நிதித்துறையின் உரிமம். மேடைப் பேச்சைவிட இது பல மடங்கு பயன் தரும்.

மூன்றாவது, நடுவரா ஆட்டக்காரரா என்பது. பல்கேரியாவின் இரண்டாம் சிமியோன் 6 வயதில் மன்னராகி, 1946இல் நாட்டைவிட்டு அனுப்பப்பட்டவர். 2001 ஏப்ரலில் கட்சி தொடங்கி, ஜூனில் 240இல் 120 இடங்களை வென்று பிரதமரானார். 800 நாளில் வாழ்க்கை மாறும் என்றார். 2005இல் 53 இடங்கள்; 2009இல் ஒன்றுகூட இல்லை. நேட்டோ உறுப்பினர் தகுதி போன்ற உண்மையான சாதனைகள் அவருக்கு உண்டு. ஆனால் கட்சித் தலைவரான நாளிலேயே எல்லோருக்கும் பொதுவானவர் என்ற இடம் போய்விட்டது. கம்போடியாவில் 1993இல் சிஹானுக் மீண்டும் மன்னரானார். அவர் மகன் ரணரித்தின் கட்சி 120இல் 58 இடங்களைப் பெற்றும், போலீசும் மாவட்ட நிர்வாகமும் அதுவரை பிரதமராக இருந்த ஹுன் சென்னிடம் இருந்ததால் இரண்டு பிரதமர்கள் என்று சமரசம் செய்துகொள்ள வேண்டியதாயிற்று. 1997 ஜூலையில் ரணரித் விரட்டப்பட்டார். ஆப்கானிஸ்தானில் 2002இல் முன்னாள் மன்னர் ஜாகிர் ஷா திரும்பி வந்தார். பதவி வேண்டாம் என்று ஒதுங்கச் செய்து ‘தேசத் தந்தை’ என்ற பட்டத்தை மட்டும் கொடுத்தார்கள்.

கூட்டத்தைப் பார்த்து ஏமாறுவது இன்னொரு தவறு. 2017 டிசம்பரில் தொடங்கிய போராட்டத்தில் ‘ரெசா ஷா, உன் ஆன்மா சாந்தியடையட்டும்’ என்று இளவரசரின் தாத்தாவை வாழ்த்தினார்கள். 2022இல் ‘கொடுங்கோலன் ஒழிக, ஷாவானாலும் உச்சத் தலைவனானாலும்’ என்றும் முழங்கினார்கள். இரண்டும் ஈரான் மக்களின் குரல்தான். அல்பேனியாவில் 1997இல் நாடே குலைந்து கிடந்தபோது அரச வாரிசு லேகா வந்து வாக்கெடுப்பு கேட்டார். மூன்றில் ஒரு பங்கு வாக்கே கிடைத்தது. முடிவை ஏற்காமல் ஆயுதம் தாங்கிய ஆதரவாளர்களோடு தேர்தல் அலுவலகத்தை நோக்கிப் போனார், ஒருவர் உயிரிழந்தார்.

ஆகவே வாக்கெடுப்பு எப்போது, என்ன கேள்வி என்பதை முன்கூட்டியே பூட்ட வேண்டும். 1979 மார்ச் 30, 31இல் புரட்சி முடிந்து ஏழு வாரத்தில், ‘இஸ்லாமியக் குடியரசு, ஆமாம் அல்லது இல்லை’ என்று கேட்டார்கள். அந்தக் குடியரசின் அரசியலமைப்பே அப்போது எழுதப்படவில்லை. 98 சதவீதத்துக்கும் மேல் ஆமாம் என்றார்கள். ஜூனில் வந்த வரைவில் மதத் தலைவருக்கு ஆட்சியதிகாரம் இல்லை. ஆகஸ்டில் தேர்ந்தெடுத்த 73 பேர் சபை அதைச் சேர்த்தது. வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கியது போலத்தான். மறுபடியும் ‘மன்னரா குடியரசா’ என்று முதலிலேயே கேட்டால் அதே பொறிதான். முதலில் விகிதாசார முறையில் அரசியல் நிர்ணய சபைத் தேர்தல். அது எழுதும் முழு வரைவு. கடைசியில் அந்த வரைவின்மேல் வாக்கு. இடைக்காலத்தில் பொறுப்பில் இருப்பவர் அடுத்த தேர்தலில் நிற்கக்கூடாது. இளவரசருக்கும் இதே விதி.

குர்துகள், பலூச்சிகள், அரபுகள், அசர்பைஜானியர் ஆகியோரோடு பேச்சு இதற்கெல்லாம் முன்பே தொடங்க வேண்டும். 1946இல் ஈரானின் வடமேற்கில் சில மாதங்களே நீடித்த மஹாபாத் குர்திஷ் குடியரசின் தலைவர் காஸி முகம்மது 1947 மார்ச்சில் தூக்கிலிடப்பட்டது இளவரசரின் தந்தை ஆட்சியில். அதைப் பற்றி வாய் திறக்காமல் ‘நாட்டின் ஒருமைப்பாடு’ என்று மட்டும் சொன்னால் அங்கே யாரும் கேட்கமாட்டார்கள். ஒரே கட்சி முறையும் சாவக் உளவுத்துறையும் அந்த ஆட்சியில்தான் இருந்தன. மகன் அதையும் வெளிப்படையாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

பழைய 1906 அரசியலமைப்புக்கே திரும்பலாம் என்று சில முடியாட்சி ஆதரவாளர்கள் சொல்கிறார்கள். அதன் துணைச் சட்டப்படி அரியணை ஆண் வாரிசுக்கே. தாயும் ஈரானிய வம்சமாக இருக்க வேண்டும். 1938இல் எகிப்து இளவரசி ஃபவ்ஸியாவை அப்போதைய பட்டத்து இளவரசருக்கு, அதாவது ரெசாவின் தந்தைக்கு, மணமுடிக்க, அவரை ஈரானிய வம்சம் என்று நாடாளுமன்றத்தில் சட்டமே போட வேண்டியிருந்தது. ரெசா பஹ்லவிக்கு மூன்று மகள்கள், மகன் இல்லை. அவரை ஆதரிப்பவர்களுக்கும் புதிய அரசியலமைப்பு தேவை. அதனால் அவர்கள் முதலில் வேட்பாளர் தேட வேண்டியது நிர்ணய சபைத் தேர்தலுக்கு.