டயப்பர் கட்டினால்தான் ஆய் போகிறான்

கேள்வி: என் மகனுக்கு 2 வயது 9 மாதம். மூச்சா வந்தால் சொல்லிவிடுகிறான். ஆய் மட்டும் டயப்பர் கட்டினால்தான் போவான், அதுவும் பீரோ மறைவில் நின்றுகொண்டு. கட்டாவிட்டால் மூன்று நாள் ஆனாலும் அடக்கிக்கொள்கிறான். ஜூன் மாதம் ப்ளே ஸ்கூலில் சேர்க்க வேண்டும். டயப்பரோடு வந்தால் எடுக்க மாட்டோம் என்கிறார்கள். மாமியார் வெற்றிலைக் காம்பு வைக்கச் சொல்கிறார். இவன் பிடிவாதத்தை எப்படி உடைப்பது?
- ஒரு தாய், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: உடைக்கவே வேண்டாம் அம்மா. மூச்சா வருவதைச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு ஆய் வருவது தெரியாமலா இருக்கும்? என்றைக்கோ ஒரு நாள் கெட்டியாகப் போய் வலித்திருக்கும். நீங்கள் மறந்திருப்பீர்கள், அவன் மறக்கவில்லை. வருகிற உணர்வு வந்ததும் காலைப் பின்னிக்கொண்டு, நுனிக்காலில், முகம் சிவக்க நிற்பான். முக்குகிறான் என்று வீட்டில் எல்லோரும் நினைப்பார்கள். உண்மையில் உள்ளே இழுத்துப் பிடிக்கிறான். பிடித்து வைக்க வைக்கக் குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மலம் கல்லாகும், அடுத்த முறை இன்னும் வலிக்கும், இன்னும் அடக்குவான்.

அதனால் முதலில் மலம் இளக வேண்டும். கழிப்பறைப் பாடம் அப்புறம். இன்றைக்கே டயப்பரைத் திருப்பிக் கட்டுங்கள். தோற்றுப்போனதாக நினைக்காதீர்கள்.

வெற்றிலைக் காம்பு விஷயத்துக்கு வருகிறேன். காம்பு, சோப்புத் துண்டு, கடையில் வாங்கிய குச்சி மருந்து என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் பிள்ளைகள் வருகிறார்கள். உள்ளே எரிச்சல் உண்டாக்கித் தள்ளுகிற வேலைதான் இவை செய்வது. அன்றைக்குப் போய்விடும், பாட்டிக்கும் சந்தோஷம். ஆனால் நான்கு பேர் கையைக் காலைப் பிடித்து வைத்ததைப் பிள்ளை மறக்காது. ஏற்கெனவே பயந்த இடத்தில் இன்னொரு பயம். சோப்பு அந்த மெல்லிய தோலைப் புண்ணாக்கவும் செய்யும். அதைவிட எனக்குக் கோபம் மெடிக்கல் ஷாப்பில் 'ரெண்டு நாளா போகலை' என்று சொன்னதும் பெரியவர்களுக்கான பேதி மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கிறவர்கள் மேல். பிள்ளையின் எடை என்ன என்றுகூடக் கேட்பதில்லை. சீட்டு இல்லாமல் கொடுப்பதை யாரும் தடுப்பதாகவும் தெரியவில்லை.

குழந்தை மருத்துவரிடம் காட்டி, எடைக்கு ஏற்ற அளவில் லாக்டுலோஸ் சிரப்போ பாலிஎத்திலீன் கிளைகால் பொடியோ எழுதி வாங்குங்கள். இவை மலத்திலேயே தண்ணீரைத் தக்கவைக்கிற மருந்துகள். குடல் சோம்பேறியாகிவிடும் என்பது வீண் பயம். எல்லோரும் செய்கிற தவறு, நான்கு நாள் நன்றாகப் போனதும் பாட்டிலை மூடி வைப்பது. குறைந்தது 2 மாதமாவது தர வேண்டியிருக்கும், நிறுத்துவதும் மருத்துவர் சொல்லித்தான். நடுவில் ஜட்டியில் தண்ணியாகக் கசிந்தால் 'பேதியாகிவிட்டது' என்று நிறுத்திவிடாதீர்கள். உள்ளே அடைத்திருக்கும் கட்டியைச் சுற்றி வழிவதாக இருக்கலாம். கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

பால் நாளைக்கு அரை லிட்டருக்குள் இருக்கட்டும். கொய்யா, பப்பாளி கொடுங்கள். ஆனால் இந்த அளவுக்கு அடக்குகிறவனுக்குப் பழம் மட்டும் போதாது.

தினமும் வலியில்லாமல் இளகிப் போக ஆரம்பித்து இரண்டு மூன்று வாரம் ஆனதும் இடத்தை மாற்றுங்கள். பீரோ மறைவுக்குப் பதில் பாத்ரூமுக்குள், டயப்பரோடு நின்றே போகட்டும். அது பழகியதும், டயப்பரோடு பாட்டி சீட்டில், அதாவது பிள்ளைகள் ஆய் போக உட்காரும் சின்ன இருக்கையில், உட்காரட்டும். (கடைக்காரர் அதைப் 'பாட்டி' என்பதைக் கேட்டு உங்கள் மாமியார் கோபித்துக்கொண்டால் நான் பொறுப்பல்ல.) அடுத்து டயப்பரின் அடியில் ஒரு ஓட்டை வெட்டிவிட்டுக் கட்டுங்கள். இடுப்பில் கட்டிய உணர்வு இருக்கும், ஆய் மட்டும் கீழே விழும். ஓட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கினால் ஒரு நாள் இடுப்புப் பட்டைதான் மிச்சம். உட்காரும்போது இரண்டு பாதமும் எதிலாவது ஊன்றியிருக்க வேண்டும், கால் தொங்கினால் முக்க வராது. சாப்பிட்டு இருபது முப்பது நிமிடத்துக்குள் உட்கார வையுங்கள், சாப்பிட்டதும் குடல் தானே அசையும். ஐந்து நிமிடம் போதும், வராவிட்டால் எழுந்து போகட்டும். 'சீ, நாத்தம்' என்று யாரும் சொல்லக் கூடாது, தாத்தா உட்பட.

ஒரே ஒரு விலக்கு உண்டு. அதை எல்லோரிடமும் அழுத்திச் சொல்வேன். உங்கள் மகன் பிறந்தவுடன் காட்டுப்பீ எப்போது போனான்? கருப்பாகப் பிசுபிசுப்பாக வரும் முதல் மலம் அது. நிறைமாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் 24 மணி நேரத்துக்குள் போய்விடுவார்கள். 48 மணி நேரம் தாண்டியிருந்தாலோ, மலச்சிக்கல் பிறந்த முதல் மாதத்திலிருந்தே இருந்தாலோ, வயிறு உப்பியே இருந்து எடை ஏறாவிட்டாலோ, மேலே சொன்ன எதையும் தொடங்காதீர்கள். குடலின் கடைசிப் பகுதியில் நரம்பு அணுக்கள் இல்லாமலே பிறக்கிற குழந்தைகள் உண்டு. ஹிர்ஷ்ஸ்ப்ருங் நோய் என்பார்கள், அறுவை சிகிச்சை தேவைப்படும். பக்கத்தில் புதுச்சேரி ஜிப்மரில் குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. பச்சையாக வாந்தியும் வந்தால் அன்றைக்கே கிளம்ப வேண்டும். நான் இதைக் கேட்டால் தாய்மார்கள் டிஸ்சார்ஜ் சீட்டை நீட்டுவார்கள். 'தாயும் சேயும் நலம்' என்று இருக்கும். முதல் மலம் போன நேரத்தை எழுத ஒரு வரி ஆகாது, பல இடங்களில் எழுதுவதில்லை. உங்கள் அம்மாவைக் கேளுங்கள், முதல் துணியை அலசியவருக்கு நினைவிருக்கும். பால் குடியை மறந்த பிறகோ, ஒரு வயதுக்கு மேலோ தொடங்கியது என்றால் பெரும்பாலும் இந்தக் கவலை இல்லை.

இனி, ஜூனில் ப்ளே ஸ்கூல் சேர்க்கிற விஷயம். 'பத்தே நாளில் டாய்லெட் ட்ரெயினிங்' என்று தனிக் கட்டணம் கேட்கிற ப்ளே ஸ்கூல்களும் இருக்கின்றன. தராதீர்கள். பத்து நாளில் உடல் ஒத்துழைக்காது, அவன் பள்ளியிலும் அடக்கப் பழகுவான். குழந்தைகள் கழிப்பறையில் அவர்கள் உயரத்துக்கு ஒரு சீட் போடாத இடம், பிள்ளை மட்டும் தயாராக வர வேண்டும் என்பது என்ன நியாயமோ. அங்கன்வாடியில் இரண்டு வயதிலேயே சேர்த்துக்கொள்கிறார்கள்.

சரி, மூச்சாவைச் சொல்கிறான் அல்லவா? மூன்று மணி நேர ப்ளே ஸ்கூலுக்கு அவன் இப்போதே தயார். டயப்பர் இல்லாமல் அனுப்புங்கள், பையில் இரண்டு ஜட்டி கூடுதலாக வையுங்கள். வீட்டுக்கு வந்து சாப்பிட்டதும் டயப்பரைக் கட்டிவிடுங்கள். மாலையில் அவன் பீரோ பக்கம் போனால் நீங்கள் பார்க்காத மாதிரி இருங்கள்.