சுண்டுவிரல் மரத்துப்போனால் கிட்டாரைக் கைவிட வேண்டுமா?

கேள்வி: என் வயது 24. நாள்தோறும் 4 மணி நேரம் கிட்டார் பயிற்சி செய்கிறேன். 3 மாதங்களாக இடது கையின் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போகின்றன. கழுத்து இறுக்கம், விரல் நுனியில் தடிப்பு, மூட்டுகளில் சொடக்குச் சத்தம் ஆகியவையும் உள்ளன. வலி மாத்திரை போட்டுக்கொண்டு வாசிக்கிறேன். அண்மையில் சுண்டுவிரலால் தந்தியை அழுத்திப் பிடிக்க முடியவில்லை. இணையத்தில் படித்ததும் இது டிஸ்டோனியாவோ (தசைகள் தன்னிச்சையாக இறுகும் நரம்பியல் கோளாறு) என்று பயந்துவிட்டேன். கைகளால் தசைகளையும் மூட்டுகளையும் சரிசெய்யும் ஆஸ்டியோபதி சிகிச்சையில் கழுத்தைச் சரிசெய்துகொள்ளலாம் என்கிறார் நண்பர். போகலாமா?

பதில்: கிட்டாரை நிரந்தரமாகக் கீழே வைக்க நேருமோ என்பதுதான் உங்கள் அச்சம். உரிய காலத்தில் கவனித்தால் பெரும்பாலும் அப்படி நேராது. டிஸ்டோனியாவில் விரல் மரத்துப்போவதில்லை. வாசிக்கும்போது மட்டும், பொதுவாக வலியே இல்லாமல், விரல் தன்போக்கில் சுருண்டுகொள்ளும். இணையத்தில் தேடுபவர்களுக்கு எப்போதும் மிகக் கொடிய நோயே முதலில் கண்ணில் படுகிறது. நுனித் தடிப்பு தந்தி தந்த காய்ப்பு. வலியில்லாத சொடக்குச் சத்தத்தை மறந்துவிடுங்கள்.

நான் கவலைப்படுவது, சுண்டுவிரல் அழுந்தவில்லை என்று நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரியைப் பற்றித்தான். முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல்வரை மின்சாரம் பாய்ந்தாற்போல் இருக்குமே, அந்த அல்னார் நரம்பு முழங்கையின் உட்புற எலும்பு மேட்டுக்குப் பின்னால் ஒரு குறுகிய பாதையில் செல்கிறது. கிட்டாரின் கழுத்தைப் பிடித்திருக்கும் இடது கை மணிக்கணக்கில் மடங்கியே இருப்பதால், நரம்பு இழுபட்டு அந்தப் பாதையும் நெருக்குகிறது. மரத்துப்போவது முதல் எச்சரிக்கை. வலுக்குறைவு அதற்கு அடுத்த கட்டம். ஒரு தாளைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் இடையே பிடித்துக்கொண்டு மற்றொருவரை இழுக்கச் சொல்லுங்கள். வலது கையில் நேராக நிற்கும் கட்டைவிரல் இடது கையில் நுனி மூட்டில் மடங்கினாலோ, அவ்விரு விரல்களுக்கும் நடுவே புறங்கைச் சதை குழிந்திருந்தாலோ, தாமதிக்க நேரமில்லை. சிதைந்த நரம்பிழை நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் வளரும். முழங்கையிலிருந்து கைத்தசைவரை அது கடக்க வேண்டிய தொலைவோ 25 சென்டிமீட்டருக்குக் குறையாது. ஓராண்டுக்கு மேல் நரம்புத் தொடர்பை இழந்துகிடந்த தசை, பிறகு நரம்பு வந்து சேர்ந்தாலும் பழைய வலுவை முழுமையாகப் பெறுவது அரிது.

இந்த நிலையில் வலி மாத்திரை போட்டுக்கொண்டு வாசிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அது நரம்பின் மீதான அழுத்தத்தைத் துளியும் குறைக்காது. நிறுத்து என்று உடல் சொல்வதை மட்டும் உங்கள் காதில் விழாமல் செய்யும். நாள்கணக்கில் தொடர்ந்தால் இரைப்பையும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். இன்றே நிறுத்துங்கள்.

ஆஸ்டியோபதியைப் பற்றிப் பல இசைக்கலைஞர்கள் கேள்விப்பட்டிருப்பதே இல்லை; கேள்விப்பட்டவர்களோ அது எதற்குப் பயன்படும் என்பதை அறியாமல் போகிறார்கள். 1874-இல் அமெரிக்க மருத்துவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் தொடங்கிய முறை அது. இன்று அமெரிக்காவில் ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம் பெற்றவர்கள் மருந்து, அறுவை என அனைத்துக்கும் உரிமை பெற்ற மருத்துவர்கள். பிரிட்டனில் 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பதிவு செய்துகொண்டு கைகளால் சிகிச்சை அளிப்பவர்கள். எல்லா நாடுகளிலும் இத்தகைய ஒழுங்குமுறை இல்லை என்பதால், சிகிச்சை அளிப்பவரின் பயிற்சியைக் கேட்டறிவது உங்கள் உரிமை. நீண்ட நேரம் குனிந்து உட்கார்ந்து வாசிப்பதால் வரும் முதுகு, தோள் தசை இறுக்கத்திற்கு அவர்களின் கைத்திறன் உதவக்கூடும். ஆனால் சுண்டுவிரல் மரத்துப்போவது கழுத்து நரம்பு வேர் அழுத்தப்படுவதாலும் வரலாம். காரணம் தெரியுமுன் எவரும் உங்கள் கழுத்தைச் சொடுக்கித் திருப்ப அனுமதிக்காதீர்கள்.

இந்த வாரமே நரம்பியல் மருத்துவரையோ கை அறுவை நிபுணரையோ பார்த்து, நரம்பில் மின் சமிக்ஞை எவ்வளவு வேகமாகச் செல்கிறது என்று அளக்கும் நரம்புக் கடத்தல் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். அதுவரை பயிற்சியை நிறுத்திவையுங்கள். இரவில் முழங்கை மடங்காதபடி ஒரு துண்டைத் தளர்வாகச் சுற்றிக்கொண்டு உறங்குங்கள். மேசையில் முழங்கையை ஊன்றாதீர்கள். மருத்துவரிடம் செல்லும்போது கிட்டாரையும் எடுத்துச்சென்று, வழக்கமாக உட்காரும் விதத்திலேயே உட்கார்ந்து, முழங்கை எவ்வளவு மடங்குகிறது என்பதை அவருக்குக் காட்டுங்கள்.