அமெரிக்காவில் 21 வயது நிரம்பாதவர்கள் குடிப்பதைத் தடுக்கும் சட்டங்களை மக்கள் உண்மையிலேயே ஆதரிக்கிறார்களா?

ஆதரிக்கிறார்கள். ஆனால் எந்தச் சட்டம் என்பதைப் பொறுத்து அந்த ஆதரவு ஏறும், இறங்கும்.

21 என்ற வரம்புக்கு நல்ல ஆதரவு. அதை 18 ஆக்கலாமா என்று 2014இல் கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் கேட்டபோது 74 சதவீதம் பேர் கூடாது என்றார்கள். அதற்கு முன்பு 2008இல் நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரித் தலைவர்கள் கையெழுத்திட்டு மறுபரிசீலனை கேட்டும் வரம்பு மாறவில்லை.

கடைகளைச் சோதிப்பதற்கும் பெரிய எதிர்ப்பு கிடையாது. வயது நிரம்பாத ஓர் இளைஞரைக் காவல்துறை கடைக்குள் அனுப்பி மது கேட்க வைக்கும். பெரும்பாலும் தன் சொந்த அடையாள அட்டையோடுதான் போவார். கல்லாவில் இருப்பவர் அட்டையை வாங்கிப் பார்ப்பார், பிறந்த ஆண்டைக் கணக்குப் போடாமல் திருப்பிக் கொடுத்து பாட்டிலையும் கொடுத்துவிடுவார். அடிக்கடி நடக்கும் தவறு இதுதான். பல மாநிலங்களில் 21 நிரம்பாதவர்களின் ஓட்டுநர் உரிமத்தை நெட்டுவாக்கில் அச்சிடுவது இதற்காகவே. வருடத்துக்கு ஒரு சோதனை போதவே போதாது. சோதனையின் பயம் கடைகளில் மூன்று மாதத்துக்குள் கரைந்துவிடுவதாக ஆய்வு காட்டியிருக்கிறது.

வரி என்றதும் ஆதரவு சரிகிறது, ஏனென்றால் அது பெரியவர்களின் பையிலும் கை வைக்கிறது. கைச்செலவுக் காசில் வாங்கும் பிள்ளைகளை விலைதான் அதிகம் தடுக்கும் என்பதால் இது எனக்குப் பெரிய வருத்தம். பீருக்கான மத்திய வரி விலையில் இத்தனை சதவீதம் என்று இல்லாமல், அளவுக்கு இவ்வளவு டாலர் என்று இருக்கிறது. கடைசியாக உயர்ந்தது 1991இல். விலைவாசி ஏற ஏற அதன் கனம் குறைந்துகொண்டே போகிறது.

உண்மையான சிக்கல் வீட்டில். பெரும்பாலான பிள்ளைகளுக்கு மது காசில்லாமலே கிடைக்கிறது: மூத்த நண்பர்கள், வீட்டுக் குளிர்பெட்டி, சில சமயம் பெற்றோரே. "எப்படியும் குடிக்கப் போகிறான், என் கண் முன்னாலேயே குடிக்கட்டும்" என்ற எண்ணம் ஆழமாக ஊறியிருக்கிறது. விஸ்கான்சினில் பெற்றோர் கூட இருந்தால் பாரிலேயே குடிக்கலாம்.

இதற்காகத்தான் பிள்ளைகள் குடிக்கும் விருந்து நடந்த வீட்டுக்காரரைப் பொறுப்பாக்கும் சட்டங்கள் வந்தன. அதன் வாசகத்தில் கவனம் வேண்டும். வீட்டுக்காரருக்குத் "தெரிந்திருந்தது" என்று நிரூபிக்கச் சொன்னால், மாடியில் தூங்கிக்கொண்டிருந்தோம் என்ற ஒரே பதிலில் வழக்கு விழுந்துவிடும். சில கலிபோர்னியா ஊர்கள் இதைக் குற்ற வழக்காக்காமல் அபராதமாக வைத்து, காவலர்கள் வந்துபோன செலவையும் வீட்டுக்காரரிடமே வசூலிக்கின்றன.